300 பக்கத்தை 10 பக்கத்தில் சொல்ல முடியாதா?

கேள்வி, 11.06.2023

நாவல் என்றால் முழுசாகப் படிக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வரலாறு, அறிவியல், தன்வரலாறு மாதிரிப் புத்தகங்களை ஏன் முழுசாகப் படிக்க வேண்டும்? அவற்றில் இருப்பது தகவல்தானே. 300 பக்கத்தை 10 பக்கத்தில் சொல்லிவிடலாம். ஒரு வருடத்தில் சுருக்கங்களாகவே 40 புத்தகம் முடித்துவிட்டேன், எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், நேரமும் இல்லை. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

11.06.2023, இரவு

இருக்கிறது. மூன்றாம் ஆண்டு என்கிறீர்கள், அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன்.

ஒத்துப்போகிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை எழுந்திரு, பட்டியல் போடு, கைபேசியைத் தள்ளி வை என்று சொல்கிற முன்னேற்றப் புத்தகங்களுக்கு 10 பக்கமே அதிகம். ஒரு கருத்து, அதற்கு 20 உதாரணம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரயிலில் போய் வருகிற நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம், நானும் முடித்திருக்கிறேன். உங்கள் 40-இல் முக்கால்வாசி அந்த வகை என்றால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

இப்போது உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தைச் சுருக்குங்கள் பார்ப்போம். ஊர் ஊராகப் போய் ஏடு தேடினார், அச்சில் ஏற்றினார். முடிந்தது. பள்ளிக்கூடத்தில் இதைத்தான் படித்தோம், பரீட்சை எழுதினோம், மறந்தோம். புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். வயது 25. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், அந்த ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரே இருப்பவர் அசையவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேசுகிறார். சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம்? படித்ததில்லை. அந்தப் புத்தகங்களைப் பார்த்ததுகூட இல்லை.

வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்துக் கற்றதெல்லாம் தமிழின் ஒரு ஓரம்தான் என்று அந்த 25 வயதுக்காரருக்கு அங்கே தெரியவருகிறது. 85 வயதில் அதை நினைத்துப் பார்த்து, மழுப்பாமல் எழுதுகிறார். அந்தக் கூச்சத்தை 10 பக்கத்தில் எங்கே வைப்பீர்கள்?

12.06.2023

நேற்று ஒன்று விட்டுப்போய்விட்டது, அது இல்லாமல் இந்தக் கதை பாதிதான். சிந்தாமணி ஏடு கைக்கு வந்த பிறகும் ஐயருக்குப் பல இடங்கள் புரியவில்லை, அது ஜைன நூல், அந்தச் சமயம் தெரியாமல் உள்ளே போக முடியாது. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்துப் பூர்த்தியான நாள் என்கிறார்கள்.

எங்கள் ஊர் கும்பகோணம். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு என்னால் மேலே போக முடியவில்லை. புலவர்கள் கண்ணால்கூடப் பார்க்காத நூல், அதே ஊரில், யாரோ வீட்டில், பண்டிகை மாதிரி வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது.

19.06.2023

ஆங்கிலத்தில் ஒன்று சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். ராபர்ட் கனிகல் எழுதிய கணித மேதை ராமானுஜன் வரலாறு, 'தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி', 1991-இல் வந்தது. கணக்கு எனக்கு வராது, பத்தாம் வகுப்போடு சரி. அப்படியும் படிக்க முடிந்தது, ஏனென்றால் சூத்திரத்துக்கு முன்னால் தெருவையும் வீட்டையும் அம்மாவையும் வைக்கிறார். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போடுகிறார் ராமானுஜன். விடை மட்டும்தான் நோட்டுக்குப் போகிறது, வழி முழங்கையோடு போய்விடுகிறது. அவர் நோட்டுகளில் நிரூபணம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு அந்த முழங்கையும் ஒரு காரணம். சுருக்கத்தில் இருக்குமா அந்த முழங்கை?

16 ஜனவரி 1913 தேதியிட்டு ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளத்தில் குமாஸ்தா, வயது சுமார் 23 என்று சொல்லிக்கொள்கிறார். உண்மையில் வயது 25. ஏன் 2 வயதைக் குறைத்தார் என்று நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன்.

இன்னொன்று. சிந்தாமணி அச்சில் வந்தது 1887. ராமானுஜன் பிறந்ததும் 1887. இரண்டு பேருக்கும் கும்பகோணம் அரசு கல்லூரி. அந்த வராந்தாவில் ஐயர் தலைப்பாகையோடு நடந்து போயிருப்பார், இந்தப் பையன் ஒதுங்கி வழி விட்டிருப்பான்!

21.06.2023

திருத்தம். மேலே வராந்தா என்று எழுதியது தப்பு. எந்த வருடம் என்று ஒரு நண்பர் கேட்டார், உட்கார்ந்து பார்த்தேன். ஐயர் 1903-லேயே சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிவிட்டார். ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது 1904. ஒரு வருட வித்தியாசத்தில் தவறிவிட்டது. என் சரித்திரத்தில் தேடவும் வழியில்லை, அது 1899 வாக்கில் நின்றுவிடுகிறது. ஆனந்த விகடனில் 1940-இலிருந்து தொடராக வந்துகொண்டிருக்கும்போதே, 1942-இல் ஐயர் காலமாகிவிட்டார். புத்தகமாக வந்தது 1950-இல்.

சின்னப் பையனாக ராமானுஜன் பெரும்பாலும் அதே ஊரில்தான் வளர்ந்தார், தெருவில் பார்த்திருக்கலாம் என்று மனசு இன்னும் இழுக்கிறது. பார்த்ததற்குச் சான்று என்னிடம் இல்லை, ஆகவே அந்தப் பேச்சு வேண்டாம். படிக்கிறவளுக்கே இப்படி ஒரு காட்சியைக் கட்டிவிடுகிற ஆசை வருகிறது என்றால், வருடக்கணக்காக ஒருவரின் பின்னால் அலைந்து எழுதுகிறவருக்கு எவ்வளவு வரும்? சான்று தீர்ந்த இடத்தில் பேனாவை எடுத்துவிடுவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த 2 நாளில் புரிந்தது.

30.07.2023

இதை எழுதலாமா வேண்டாமா என்று 10 நாளாக யோசித்தேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரலை மடக்க முடியாது, தோசைக்கரண்டி பிடிக்க முடியாது. இந்த மாதம் டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதினார், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். கூடவே ஃபோலிக் ஆசிட், அது வேறொரு நாள். மருந்துக்கடையில் உறையின் மேல் 'தினமும் இரவு 1' என்று எழிதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா டாக்டர் சீட்டைப் பார்க்க மாட்டார், உறையைத்தான் பார்ப்பார். முதல் நாள் போட்டாயிற்று. இரண்டாம் நாள் ராத்திரி நான் தண்ணீர் கொண்டுபோனபோது உறையைப் பார்த்தேன்.

அந்த மாத்திரையின் பெயரை நான் எங்கே படித்தேன்? சித்தார்த்த முகர்ஜி எழுதிய புற்றுநோயின் வரலாறு, 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்', 2010-இல் வந்த தடிப் புத்தகம். 4 வருடம் முன்னால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 3 மாதம் படித்தேன். அதில் ஒரு சங்கிலி வருகிறது. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வருகிறார், துணி ஆலைகளில் வேலை செய்கிற கர்ப்பிணிகளுக்கு வருகிற கடுமையான ரத்தசோகையை ஆராய. விலை குறைந்த மார்மைட், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற அந்தக் கருப்பு விழுது, அதைக் கொடுத்தால் அவர்களுக்கு ரத்தம் ஊறுகிறது. அதற்குள் இருந்தது ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. ரத்தம் ஊற வைக்கிறதே என்று பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார், நோய் இன்னும் வேகமாக ஓடுகிறது. கொடுத்தால் ஓடுகிறது என்றால் தடுத்தால்? தடுக்கிற பொருளை அவருக்கு அனுப்பியது எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அமெரிக்கா போய் ஆஸ்பத்திரியில் இரவுக் கூலி வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். 1948-இல் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள், அதில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. சில மாதங்களுக்குத்தான், பிறகு திரும்பி வந்தது. அதுவரை மருந்து கொடுத்து இப்படிப் பின்வாங்க வைக்க முடியாத நோய் அது. அதே 1948-இல் சுப்பாராவும் இறந்துபோனார்.

அந்தக் குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். உயிரணு பெருகுவதற்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தை மறிக்கிறது. சீக்கிரம் பெருகுகிற இடங்களை முதலில் அடிக்கும், எலும்பு மஜ்ஜை, வாயின் உட்புறம், குடல். இது தினமும் போடுகிற பொருள் இல்லை என்று எனக்கு உறையைப் பார்த்ததும் உறைத்ததற்குக் காரணம் பாஸ்டன் குழந்தைகள். டாக்டரை அந்த ராத்திரியே கூப்பிட்டேன். வாரம் ஒரு நாள்தான், உடனே நிறுத்துங்கள் என்றார். அம்மா நன்றாக இருக்கிறார். இப்போது வியாழக்கிழமை மாத்திரை நாள், நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி, அந்தப் புத்தகத்தின் 10 பக்கச் சுருக்கத்தில் பம்பாய் ஆலைப் பெண்கள் இருப்பார்களா?

(இதே மாத்திரை யார் வீட்டிலாவது புதிதாக வந்திருந்தால், இன்றைக்கே டாக்டர் சீட்டை ஒரு முறை பாருங்கள். நான் சொன்னதை நம்பி எதையும் மாற்ற வேண்டாம், அவரிடமே கேளுங்கள்.)

31.07.2023

மேலே 'எழிதி' என்று அடித்திருக்கிறேன், எழுதி. திருத்த வழி தெரியவில்லை. அம்மாவை விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

07.08.2023

ஒரு வாரமாக ஒன்று உறுத்துகிறது. அன்றைக்கு எழுதியதைப் படித்த பலரும் "பாருங்கள், படித்தது உயிரைக் காத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதிய விதமும் அப்படித்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது சரியான வாதம் இல்லை. மாத்திரையோடு உள்ளே வருகிற துண்டுத்தாளைப் படித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும், அதற்கு 3 மாதம் அகராதியோடு உட்கார வேண்டியதில்லை. தம்பி மரியாதையாக இதையேதான் கேட்டிருக்கிறார், அவர் கேட்டது நியாயம்.

பயன் என்று பேச ஆரம்பித்தால் நான் தோற்றுவிடுவேன். என் சரித்திரத்தால் எனக்கு என்ன பயன்? ஆபீஸில் வவுச்சர் சரிபார்க்கிறவளுக்குச் சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய பழைய உரை எதற்கு? முதலியார் கேட்டதும் அதே கேள்விதான், ஆனால் அவர் கேட்டதால் ஒரு மனுஷன் மிச்ச 60 வருடத்தையும் வேறு பாதையில் நடந்தார்.

எனக்கு வேண்டியது, ஒருவர் ஒன்றை எப்படித் தெரிந்துகொண்டார் என்பது. ஃபார்பர் முதலில் தப்பாகக் கொடுத்தார், அந்தத் தப்பிலிருந்துதான் அடுத்த வழி வந்தது. சுருக்கம் சரியானதை மட்டும் எடுத்துக்கொண்டு தப்பை வழித்து எறிந்துவிடுகிறது. விடை நோட்டில் இருக்கிறது, வழி முழங்கையோடு போய்விட்டது. இதை நான் ஜூன் மாதமே எழுதியிருக்கிறேன், எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

15.10.2023

தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம். மிகச் சின்னப் புத்தகம், ரயிலில் 2 நாள். உப்பு, எண்ணெய், உரல், உலக்கை என்று வீட்டுக்குள் கிடக்கிற பொருளையெல்லாம் எடுத்து வைத்துப் பேசுகிறார். புதுவீடு புகும்போது உறவுக்காரர்கள் உப்பு கொண்டுபோவது, இறந்தவருக்குப் படைக்கிற சோற்றில் உப்பில்லாமல் இருப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உறவு தொடர வேண்டும் என்பதற்கு ஒன்று, இனி தொடர வேண்டாம் என்பதற்கு இன்னொன்று என்று காட்டுகிறார். அப்பா காரியத்தில் நான் அந்த உப்பில்லாத சோற்றை வடித்திருக்கிறேன், ஏன் என்று யாரையும் கேட்டதில்லை. சம்பளம் என்ற சொல்லும் அங்கே வருகிறது, செய்த வேலைக்குச் சம்பா நெல்லும் அளத்து (உப்பளத்து) உப்பும் கூலியாகக் கொடுத்ததால் சம்பளம் என்று. ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

17.10.2023

சம்பளம் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் மறுத்திருக்கிறார். வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு, அதிலிருந்து வந்ததாகத்தான் அகராதி வழி என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெல், உப்பு விளக்கம் அவ்வளவு அழகாக இருப்பதாலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆபீஸில் சொன்னவர்களிடம் திரும்பப் போய்ச் சொல்கிறேன்.

அதற்காக அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டேன். ஒரு சொல்லின் வேர் ஆட்டம் கண்டால் உப்பில்லாத சோறு பொய்யாகிவிடாது, அதை நானே வடித்தேன்.

03.12.2023

வால்காவிலிருந்து கங்கை வரை வரலாற்றுப் புத்தகம்தானே, அதைப் பட்டியலில் சேர்க்கவில்லையே என்று கேட்டவருக்கு. அது ராகுல் சாங்கிருத்தியாயன் எழுதிய 20 கதைகள். ஹசாரிபாக் சிறையில் உட்கார்ந்து எழுதினார், 1943-இல் வந்தது. நம்மில் பலர் அதை வரலாறு என்றே படித்து வளர்ந்தோம், நானும்தான், அப்பா அப்படித்தான் கொடுத்தார். அருமையான கதைகள். கதைகள் என்று சொல்லிவிட்டே படிப்போம்.

13.01.2024

நந்தனம் புத்தகக் கண்காட்சியிலிருந்து இப்போதுதான் வந்தேன், கால் வலி. தம்பியின் புதுக் கேள்வி: தொகுதி தொகுதியாக இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பையும் முழுசாகப் படிக்க வேண்டுமா?

வேண்டாம், நானும் படிக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736-இலிருந்து 25 வருடம் எழுதியிருக்கிறார், ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி. நான் நடுவில் எங்கேயாவது திறந்து 10 பக்கம் படிப்பேன். உங்கள் 10 பக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இந்த 10 பக்கத்தில் எதுவும் சுருக்கப்படவில்லை. பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் என்ன சொன்னார், அவர் மனைவி என்ன கோள் மூட்டினார், சரக்கு என்ன விலை, யார் யாருக்கு என்ன வெகுமதி, எல்லாம் ஒரே மூச்சில். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. வரலாற்றுப் புத்தகம் எழுதுகிற எல்லோருக்கும் முடிவு தெரியும், இவருக்கு மட்டும் தெரியாது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது, அதற்கு 4 நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார்.

ஆக, முழுசாகப் படிக்க வேண்டும் என்று ஜூனில் நான் போட்ட சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். துண்டாகப் படிக்கலாம். எழுதியவர் வெட்டாத துண்டாக இருக்கட்டும்.

29.03.2024

உளவியலாளர் டேனியல் கானமன் நேற்று முன்தினம் காலமாகிவிட்டார், 90 வயது. 2002-இல் பொருளாதார நோபல். அவருடைய 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' 2011-இல் வந்தது, தம்பி சுருக்கமாகப் படித்த 40-இல் இதுவும் ஒன்று என்று போன வருடமே சொல்லியிருந்தார்.

அதில் முதுமையைக் குறிக்கிற சொற்களைப் படித்த மாணவர்கள் தங்களை அறியாமல் மெதுவாக நடந்தார்கள் என்ற சோதனை வரும். நம்பாமல் இருக்க உங்களுக்கு உரிமையே இல்லை என்கிற அளவுக்கு உறுதியாக எழுதியிருப்பார். அப்புறம் மற்றவர்கள் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு கிடைக்கவில்லை. அந்த அத்தியாயத்தில் வருகிற வேறு பல சோதனைகளும் மிகச் சின்னக் குழுக்களை வைத்துச் செய்தவை என்று ஆள்கள் எடுத்துக் காட்டினார்கள். 2017-இல் கானமன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், போதிய வலு இல்லாத ஆய்வுகளின் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டேன் என்று. சின்ன மாதிரிகளை நம்பி ஏமாறாதீர்கள் என்று 1971-லேயே கட்டுரை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கே நடந்தது.

இது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. உலகப் புகழ் பெற்ற பிறகு, 80 வயதைத் தாண்டி, என் புத்தகத்தில் இந்த இடம் நிற்காது என்று சொல்ல எவ்வளவு நேர்மை வேண்டும். தம்பி, உங்கள் சுருக்கத்தில் அந்த நடைச் சோதனை இன்னும் உண்மையாகவே இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள்.

30.03.2024

இருக்கிறதாம், பார்த்துச் சொல்லிவிட்டார். முழுப் புத்தகத்திலும் அது அப்படியேதானே இருக்கிறது என்றும் கேட்கிறார். உண்மை. அச்சானது மாறாது. ஆனால் முழுப் புத்தகத்தில் எந்த ஆய்வு, யார் செய்தது என்று பின்குறிப்பில் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள். சுருக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை.

04.08.2024

தம்பி என் சரித்திரத்தை வாங்கிவிட்டார், 30-ஆம் அத்தியாயம் தாண்டிவிட்டாராம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடம் கேட்கிற பகுதி நீளமாக இருக்கிறது என்று குறை சொல்கிறார். நீளம்தான், எனக்கு அந்தப் பகுதிதான் பிடிக்கும்.

இங்கே அம்மாவுக்கு நான் ராத்திரியில் வாசித்துக் காட்டுகிறேன், கண் தெளிவாகத் தெரிவதில்லை. நேற்று ஆடிப்பெருக்கு, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தோம். கரிவலம்வந்தநல்லூர் வந்தது. அந்தக் கோயிலில் வரகுணபாண்டியர் வைத்திருந்த ஏடுகளைத் தேடிப் போகிறார் ஐயர். அவை எங்கே என்று தேவஸ்தானத்தில் கேட்கிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமம் பண்ண வேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அப்படியே பண்ணிவிட்டோம் என்கிறார்கள்.

நான் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், அவருடைய பாட்டி வீட்டுப் பரணில் ஒரு கட்டு ஓலை இருந்ததாம், பூச்சி அரிக்கிறது என்று ஒரு ஆடிப் பதினெட்டில் மஞ்சள் தடவி, பூ வைத்து, அரசலாற்றில் விட்டார்களாம். அம்மாவுக்கு அப்போது 7 வயது, கூடவே படித்துறைக்குப் போயிருக்கிறார்.

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதில் என்னம்மா எழுதியிருந்தது என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? கயிற்றை யாரும் அவுக்கவே இல்லையே."